பக்கத்துக்குப் பக்கம் அப்பா பெயர்

செவ்வாய், தாம்பரம்.

ஆய்வுக் கட்டுரையை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருள் ஒருவழியாக இன்று மாலை என் லேப்டாப்பில் ஓடியது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மேலே, எழுதியவர் என்று ‘முருகேசன்’ மட்டும் நிற்கிறது. குடும்பப் பெயர் கேட்டது, நமக்கு ஏது? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். காலியாக விட்டால் பிழை காட்டுகிறது. கைடுக்கு ஃபோன் செய்தேன்.

“அது அப்படித்தாம்மா வரும், விடு” என்றார்.

“பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு?” என்று ஒரு வருஷம் முறைத்தவர் அப்பா. அவரிடமே காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இன்னாம்மா, என் பேருதான் கீது. உன்னுது எங்க? படிச்சது நீதானே?”

இதற்குப் பதிலை எந்த மேனுவலில் தேடுவது?