கடைத் தேங்காய்

ஏங்க,

நைட் டூட்டி முடிச்சுத் தூங்குறீங்களேன்னு எழுப்பல. வெளிய போனா சாவிய கீழ்வீட்டு நிர்மலாக்காகிட்ட குடுங்க, கவிநிலா ஸ்கூல் விட்டு வந்து வாங்கிக்கும்.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. உங்களுக்குத் தக்காளி சட்னி அரைச்சிருக்கேன். தேங்கா சட்னி புள்ளைக்கு, கொட்டிடாதீங்க.

முந்நூறு தென்ன வச்சிருந்தவன் வீட்ல கடைத் தேங்காயான்னு நேத்து தட்டைத் தள்ளிட்டீங்க. அத்தனையும் புயல்ல சாஞ்சதாலதானே பாண்டிக்கு வந்தோம். மூணு மாசமா தேங்கா இல்லாமதான் ஆக்குனேன். புள்ளை கேக்குது, என்ன செய்ய? சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல.

அமுதா

இன்னொண்ணு. வாங்குறப்ப கடைக்காரர்கிட்ட எந்த ஊரு காய்னு கேட்டேன். பொள்ளாச்சின்னாரு. நம்ம வேதாரண்யம்னு சொல்லியிருந்தா நானும் வாங்காமத்தான் வந்திருப்பேன்.