யாரும் கேட்காத ஒருவன்

அன்புள்ள உம்மாவுக்கு,

மாரிப் போர்முனையிலிருந்து நஷ்வான் சலாமுடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

மத்தியஸ்தர் ஷேக் நாஜிக்கு வண்டி ஓட்டுவதுதான் என் வேலை, பயப்படாதீர்கள். சென்ற வாரம் அவர் தன் இடுப்புக் கத்தியை எதிரணியிடம் பிணையாகக் கொடுத்து அரை நாள் சண்டையை நிறுத்தினார். இரு தரப்பும் தத்தம் பிணங்களை எடுத்துக்கொண்டார்கள். எதிரணிக்காரன் ஒருவன், "மெல்றதுக்குக் காத் இலை இருந்தா குடுண்ணே, எங்க தளபதி ஆட்டுக்குப் போடுறதத்தான் எங்களுக்குத் தர்றாரு" என்றான். கொடுத்தேன், சிரித்தோம்.

கடைசியில் ஒருவன் பிணம் மட்டும் மிஞ்சியது. முகமும் சீருடையும் எரிந்திருந்தன; பாதங்கள் மட்டும் எரியவில்லை.

"எங்காளு இல்ல" என்றார்கள் அவர்கள்.

"எங்காளும் இல்லப்பா" என்றார்கள் இவர்கள்.

"சுடும்போது மட்டும் யாருன்னு தெரிஞ்சுதாடா?" என்று ஷேக் கத்தினார். இப்போது அவன் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை நாங்களே அடக்கம் செய்கிறோம்.

கஷாயம் போடக் காப்பித்தோல் இடித்துக் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எதைக் குடித்தாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை.

எதிரணியில் சேர்ந்த அண்ணன் கஹ்தான் ஏதாவது தகவல் அனுப்பினானா? சின்ன வயதில் அரிவாள் பட்டு அவன் கால் சுண்டுவிரல் போனதே, அது எந்தக் கால்? சும்மாதான் கேட்கிறேன், மதினியிடம் சொல்ல வேண்டாம். வியாழனுக்குள் பதில் வேண்டும்.

எனக்கு இடது கால் என்று ஞாபகம். இல்லை என்று சொல்லுங்கள், உம்மா.

நஷ்வான்