எடைமேடையின் கடைசி ரீல்

ஹோபார்ட்
4 மார்ச் 2019

அன்புள்ள நோரி,

என் கையெழுத்தைப் பார்த்தும் உறையைப் பிரித்துவிட்டாய் என்றால் பாதி வேலை முடிந்தது. எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் கர்வம் அல்ல, கண். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பவரின் காது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. கிறிஸ்துமஸோடு சரி என்கிறார் டாக்டர்.

விஷயம் இதுதான். மெல்பர்னில் ஐவோ என்றொருவர், யாரும் சீண்டாத பழைய படங்களைத் தேடிப்பிடித்து ப்ளூ-ரே டிஸ்க்காகப் போடுகிறார். நான் இயக்கி நீ எடிட் செய்த நம் 'எடைமேடை'யைப் போட வேண்டுமாம். மூன்று வாரம்கூட ஓடாத நம் கொலைப்படத்தை! விநியோகக் கம்பெனி மூழ்கியபோதே நெகட்டிவ் போய்விட்டது. ஒரு பிரிண்ட் உன்னிடம் இருப்பதாகப் பேச்சு. நம் விவாகரத்தின்போது நான் கேட்காமல் விட்ட ஒரே சாமான் அதுதான். இருந்தால் கொடு. கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

உன் பழைய டெஸ்


ஹோப்டவுன்
15 மார்ச் 2019

அன்புள்ள டெஸ்,

கண் விஷயம் மனதைப் பிசைகிறது. இங்கே இன்னும் மழை இல்லை. விதைப்பதற்காக ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிரிண்ட் இருக்கிறது. துணி அலமாரியில், கம்பளிகளுக்கு அடியில், ஐந்து டப்பா. ஆனால் கடைசி ரீல் தியேட்டரில் ஓடியது அல்ல.

அந்தச் சண்டையை மறந்திருக்க மாட்டாய். லாரிக்காரர்களைக் கொன்றது தன் அண்ணன்தான் என்று, லாரிகளை எடைபோடும் எடைமேடையின் குமாஸ்தா கண்டுபிடித்துவிடுகிறான். நான் எடிட் செய்த முடிவில், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனை வண்டியில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான். தயாரிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. நீ எடிட்டிங் அறையில் வந்து நின்றாய்.

"நோரி, அவன் சுட்டே ஆகணும். இல்லேன்னா படம் வெளியவே வராது."

"சொந்த அண்ணனையா? அவன் சுட மாட்டான், டெஸ்."

"நீ என்ன, அவனைப் பெத்தவளா?"

"எடிட்டர். பிடிக்கலேன்னா வேற ஆளைப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டாய். படத்திலிருந்து என் பெயர் போயிற்று. அதே வருஷம் வீட்டிலிருந்து நானும் போனேன்.

பிறகு ஒரு குளிர்காலத்தில், சேர்த்துவைத்திருந்த துண்டுகளை எடுத்து இந்தப் பிரிண்டில் என் முடிவை ஒட்டினேன். உன் முடிவைக் குப்பைமேட்டில் எறிந்தேன். ஃபிலிம் ஒட்டும் சிமெண்ட் பசையில் போட்ட ஒட்டு எப்படியென்று உனக்கே தெரியும், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேமைத் தின்றுவிடும். பழையபடி ஆக்க வழியில்லை. வேறு பிரிண்ட் எங்காவது இருக்கும் என்று நினைத்தேன். தப்புதான்.

இப்படியே வேண்டுமென்றால் தருகிறேன்.

நோரீன்


ஹோபார்ட்
2 ஏப்ரல் 2019

எடிட்டர் அம்மாவுக்கு,

உலகத்தில் மிஞ்சிய ஒரே பிரிண்டைக் கத்தரித்திருக்கிறாய். இரண்டு நாள் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். போலீஸைக் கூப்பிடட்டுமா என்று பக்கத்து வீட்டு பாலெட் வந்து கேட்டாள்.

படம் டிவியில் ஓடியபோது யாரோ பதிவு செய்த கேசட் ஒன்று ஐவோவிடம் இருக்கிறதாம். மங்கல்தான், ஆனால் சுடும் முடிவு முழுதாக இருக்கிறது. அதைச் சேர்த்துவிடலாம் என்கிறார். கடைசி வார்த்தை இயக்குநருடையதாம். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். டப்பாக்களை அவரிடம் கொடுத்துவிடு. வெயிலில் வைக்காதே.

டெஸ்

பி.கு.: உன் கையில் எப்போதும் அந்தச் சிமெண்ட் வாசனை இருக்கும். நேற்று ஏனோ ஞாபகம் வந்தது.


ஹோப்டவுன்
22 ஜூலை 2019

அன்புள்ள டெஸ்,

கோதுமை லாரி ஒன்றில் ஏறி, டப்பாக்களைக் காலடியில் வைத்துக்கொண்டு, நானே மெல்பர்னுக்குப் போனேன். ஐவோ நல்ல மனிதர், டீதான் மட்டம்.

படம் ஓடும்போதே கூடப் பேசிப் பதிவு செய்வார்களே, அதற்கு உன்னைக் கேட்டாராம். "திரையே தெரியாதவன் என்னத்தைப் பேசுறது?" என்றாயாம். உன் பார்வை கிறிஸ்துமஸ் வரை காத்திருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதனால் நான் பேசினேன். மற்றவர்கள் எந்த லென்ஸ், எந்த ஹோட்டல் என்று கதை சொல்வார்கள். நான் திரையில் தெரிவதை உனக்குச் சொன்னேன். "இப்போ கதவு தெறக்குது, டெஸ். தொப்பியைக் கழட்டுறான். மண்டை வேகுற வெயில்ல எல்லாரையும் திட்டித் திட்டி நீ எடுத்த ஷாட்." ஐவோ தடுக்கவில்லை.

எந்த முடிவு என்று நீ இன்னும் சொல்லவில்லையாம். கடைசி ஆறு நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. எது டிஸ்க்கில் வரப்போகிறது என்றே தெரியாமல் எதைச் சொல்ல?

அன்புடன்,
நோரீன்


ஹோபார்ட்
9 அக்டோபர் 2019

அன்புள்ள நோரி,

சொல்வது நான், எழுதுவது பாலெட். ஆகவே கெட்ட வார்த்தை கிடையாது.

ப்ளூ-ரே வந்துவிட்டது. ஐவோ போனில் கேட்டபோது, "நோரி ஒட்டினதையே போடுங்க. எடிட்டிங்னு அவ பேரையும் போடுங்க" என்றேன். இரண்டில் எதையும் பார்க்காமல்தான். அன்றைக்கு நான் கோழை. தயாரிப்பாளருக்குப் பயந்து உன்னை விட்டுக்கொடுத்தேன். மன்னித்துவிடு.

ஒன்றரை மணி நேரம் உன் குரலைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்தேன். பிறகு நீ நிறுத்திவிட்டாய். வராது என்று தெரிந்தும், பழக்கத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வண்டிக் கதவு, என்ஜின், அப்புறம் ஒன்றுமே இல்லை. என்ன நடக்கிறது அங்கே? பாலெட்டைக் கேட்டால் "ஒரு ரோடு தெரியுது" என்கிறாள். நீ சொல்.

டெஸ்


ஹோப்டவுன்
16 அக்டோபர் 2019

அன்புள்ள டெஸ்,

கோபம் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. சொல்லத்தான் ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

பாலெட், இதை மெதுவாக வாசியுங்கள்.

தம்பி துப்பாக்கியை எடைமேடை மேல் வைக்கிறான். அண்ணன் தானாகவே வண்டியில் ஏறிக்கொள்கிறான். தம்பி எட்டி அவனுக்கு சீட் பெல்ட் போட்டுவிடுகிறான். வண்டி கிளம்புகிறது. கேமரா அதைத் தொடர்ந்து போகவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட வயல். பொழுது சாய்கிறது. வண்டி சிறிதாகிக்கொண்டே போகிறது.

பாலெட், இங்கே நாற்பது வினாடி பேசாமல் இருங்கள். அவ்வளவு நீளம் அந்த ஷாட். அவர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

இப்போது சாலை பிரிகிறது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது, டெஸ். ஆனாலும் இண்டிகேட்டர் போடுகிறான். மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்கிறது. ஸ்டேஷன் பக்கம் திரும்புகிறான்.

பிறகு கறுப்புத் திரை. உன் பெயர் வருகிறது. அதற்குக் கீழே என் பெயர்.

நோரி