திங்கட்கிழமை பூட்டிய வண்டிகள்

1958 ஜூன் 2, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வர வேண்டிய மாட்டு வண்டிகள் பதினான்கு; வந்தது ஒன்றுமில்லை.

பதிவேட்டில் அதைக் குறித்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இறந்து நாற்பது நாள் ஆகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள். வேப்பனப்பள்ளிப் பாலத்துக்குக் கல் ஏற்றும் வண்டிக்காரர்களுக்கு இப்போது உன் இடத்தில் உன் தம்பிதான் தலைவன். பெரிய என்ஜினீயர் மதியம் வருகிறார். திங்கட்கிழமை வராத வண்டிகளை ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டு லாரி அமர்த்த வேண்டுமாம். உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவன், இங்கே சின்ன என்ஜினீயரான நான்.

போன வருஷம் இதே மாதிரி உத்தரவை நானே விரும்பி எழுதினேன். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு சர்க்கார் விடுமுறை. திங்கட்கிழமை சிவனுக்கும் நந்திக்கும் உரிய நாள் என்று நீங்கள் மாடு பூட்ட மாட்டீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வீண். சோம்பலுக்குச் சாமி பெயர் சொல்கிறீர்கள் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாய். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பதினான்கு பெயரையும் அடித்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து வேறு வண்டிகள் வருவதற்குள் அடுத்த திங்கள் வந்தது. மைசூர் பக்கம் மழை கொட்டி ஆறு ஏறியது. தூணுக்குத் தோண்டிய குழியைச் சுற்றிப் போட்டிருந்த மண்கரை கரையத் தொடங்கியது. கல் அடுக்காவிட்டால் அஸ்திவாரமே போய்விடும். கல் கிடந்ததோ அரை மைல் தள்ளிப் பாறையடியில். உன் ஊருக்கு ஆள் அனுப்ப எனக்கு முகமில்லை.

யாரும் கூப்பிடாமலே நீங்கள் வந்தீர்கள். பதினான்கு வண்டியும் வந்தது. மாடு ஒன்றுகூட இல்லை. நுகத்தடியில் மாடு நிற்க வேண்டிய இடத்தில் ஆட்கள். முதல் வண்டியில் நீ. முழங்கால் வரை சேறு.

நீ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "சோமவாரம் மாட்டுக்குத்தான் சார் லீவு. எங்களுக்கு யாரு குடுத்தா?"

ஷூவைக் கழற்றிவிட்டு நானும் உன் இடப்பக்கத்தில் தோள் கொடுத்தேன். இருபது அடி போவதற்குள் வழுக்கி விழுந்தேன். "எடத்து மாடு சண்டி மாடுடா," என்று பின்வண்டியிலிருந்து ஒரு குரல். "புண்ணாக்கு வெச்சுப் பாக்கலாம்," என்றாய் நீ. பொழுது சாய்வதற்குள் கரை நின்றுவிட்டது.

ஒரு ஜோடி மாட்டின் இழுவையை நான் கணக்குப் போடுவேன். அன்று பார்த்த இழுவைக்கு என் படிப்பில் சூத்திரம் கிடையாது. விடுமுறை கேட்கிறவர்கள் என்றல்லவா உங்களைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது மாட்டுக்காக. அதற்காக உங்கள் கழுத்தையே நுகத்தில் வைத்தீர்கள். அதுவும் உங்கள் பெயரை அடித்தவனின் வேலைக்காக.

பெயர்களை மறுநாளே திரும்ப எழுதினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இனிச் செய்யப்போவது:

1. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன்.

2. ஞாயிறு வேலை, திங்கள் விடுமுறை என்று வேறொன்று எழுதி நீட்டுவேன். காரணம் என்ற இடத்தில் ‘மாடுகள்’ என்று மட்டும் எழுதுவேன். அவர் கத்துவார். கத்தட்டும்.

3. என் வேலை இருந்தாலும் போனாலும், சாயங்காலம் உன் தம்பி வீட்டுக்குப் போவேன். உன் முகத்துக்கு நேரே நான் சொன்னதை, அவன் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்வேன்.