ஐந்து கால் மாடு

ஏனுங்க,

தையல் மேசையிலேயே வைத்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் டிசைனராக இருக்கும் டென்மார்க் கம்பெனியிலிருந்து எங்கள் பல்லடம் யூனிட்டுக்குக் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் வந்திருக்கிறது. காலையில் பிரிண்டிங் மாஸ்டர் சுசாந்த் கம்ப்யூட்டரில் டிசைனைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒடிசாக்காரர், இப்போது நம்மைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறார்.

"அக்கா, மாட்டுக்கு அஞ்சு காலு இருக்குதுங்க. தப்பாப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது. ஒண்ணை அழிச்சுப்போடட்டுங்களா?"

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு காலு வலிச்சா மாத்திக்கறக்குங்கப்பா" என்று நம் பாப்பா உங்களிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. படுக்கையறைச் சுவரில் அவள் கிறுக்கிய மாடு அங்கேயேதான் நிற்கிறது. அதற்காகத்தான் நான் வெள்ளையடிக்க விடவில்லை. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டா பிளேன் ஏறினீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊரான் பிள்ளைகள் எல்லாம் அதை உடுத்தப்போகிறார்களே!

அங்கே போனதிலிருந்து அவள் பேச்சையே நீங்கள் எடுத்ததில்லை. மறந்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். உங்களைத் திட்டுவதா, அழுவதா என்றே தெரியவில்லை.

வழக்கம்போல் நாலு வயது அளவில் சாம்பிள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் அந்த அளவோடு நின்றுபோனாள். அதனால் ஏழு வயதுக்குத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவளுக்கு அதுதான் சரியாக இருக்கும்.

பார்சலை நீங்களே பிரியுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா