நான் 3 என்று போட்ட பெண்கள்

1997 பெப்ரவரி 10, திங்கள்

காலையில் மைனஸ் 19. பஸ் தரிப்பில் பதினைந்து நிமிடம். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

பஸ்ஸில் ஒரு பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பு, புவியியல் பாடம். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், ஒராள் வேலை செய்யிறார் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். "சம்பளம் எடுத்தால் வேலை. இரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தேயிலைப் பயிர்ச்செய்கைக்குப் போய்விட்டேன். இப்போது அறுபத்து நான்கு வயதில், இதே கேள்விக்கு எண் போடத்தான் எனக்குச் சம்பளம்.

இடம்: டவுன்டவுன், பல்கலைக்கழகக் கட்டடம், நாலாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை. முதலாளி: பேராசிரியர் ரகுநாதன். சென்னைக்காரர், இங்கே இருபத்தைந்து வருடம் (இனி பே.). வேலை: கிர்கிஸ்தானில் ஒரு மலை ஊரில் வீடு வீடாகப் போய் நிரப்பிய 412 படிவங்கள். முதல் கேள்வி: நீங்கள் வேலை செய்கிறீர்களா? ஆம் என்றால் 1. இல்லை, தேடுகிறேன் என்றால் 2. இல்லை, தேடவும் இல்லை என்றால் 3. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் ஊரின் உழைப்பாளர் தொகை. 3 கணக்குக்கு வெளியே.

கிர்கிஸ்தான்! நான் படிப்பித்த காலத்துத் தேசப்படத்தில் அது தனி நாடு இல்லை. சோவியத் என்ற ஒரே நிறத்துக்குள் எங்கோ ஒரு மடிப்பு. இன்று அந்த ஊரின் ஒரு தெரு முழுவதும் என் மேசையில்.

இதுவரை இருநூறு முடிந்துவிட்டது. பே. எட்டிப் பார்த்தார். "டீச்சர், மெஷின் தோத்துடும் போங்க!" வீடு வரும்வரை சிரித்த முகம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

வாங்க: பால், பென்சில் (HB), சப்பாத்துக்குள் போடுகிற கம்பளித் துண்டு.

படிவம் 203. நாற்பத்தொரு வயதுப் பெண். வேலை: இல்லை. தேடவில்லை. 3 போடப் பென்சிலை வைத்துவிட்டேன். அப்போதுதான் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளரின் பொடி எழுத்து கண்ணில் பட்டது: "காலை ஐந்து முதல் மூன்று வரை பஸார். காலுறை, சீனத்துத் தெர்மோஸ்."

பத்து மணி நேரம்! வேலை இல்லையாம்!

அதே வீட்டுக் கணவர், படிவம் 204. வேலை: ஆம், கம்பளித் தொழிற்சாலை. ஓரத்தில்: "தொழிற்சாலை இரண்டு வருடமாக மூடியிருக்கிறது."

மொழிபெயர்ப்பாளர் ஐனுரா (இனி ஐ.), அதே ஊர்க்காரி, ஐம்பது வயது, எனக்கு எதிர் மேசை. உடைந்த ஆங்கிலமும் வகுப்பில் படித்த ஃப்ரெஞ்சும்தான் எங்கள் இருவருக்கும் நடுவில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இவள் வேலை செய்கிறாளே?" என்றேன்.

"எங்கே? பஸாரில்தானே நிற்கிறாள்."

"பிறகு எதுதான் வேலை?"

"புத்தகம் எங்கே இருக்கிறதோ, அங்கே."

மத்தியானச் சாப்பாட்டை மறந்து கேட்டேன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைப் புத்தகம். வேலையில் சேர்ந்தால் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். விலகும் நாளில் கையில் வரும். பென்ஷனுக்கு அதுதான் சாட்சி. தொழிற்சாலை நின்றபோது பெண்களைத்தான் முதலில் நிறுத்தி, புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆண்களை நிறுத்தவில்லை. சம்பளமும் இல்லை. அவர்கள் புத்தகம் இன்னும் தொழிற்சாலை இரும்பு அலுமாரிக்குள். ஆகவே அவர் "வேலை செய்கிறார்". புத்தகம் வீட்டு மேசை லாச்சியில் கிடக்கிறபடியால் அவள் "வேலை செய்யவில்லை".

வகுப்புக்கு வந்து முன்னால் இருக்கிற பிள்ளைக்கு இடாப்பில் "வரவில்லை" என்று போட்டது போல. அதுவும் அழகான எழுத்தில். இருநூறு படிவத்தில் எத்தனை தரமோ.

அதே நாள், பின்னேரம்

கார்ட்டியர்வில், நான் இருக்கிற பகுதி. கீழ்வீட்டுப் பிலோமினாவிடம் பரீட்சித்துப் பார்த்தேன். மன்னார்ப் பிள்ளை, கோயில் காரியம் என்றால் முதல் ஆள். குசினியில் இடியப்ப உரலோடு நின்றாள். கடை ஓடர், நூறு. கதிரைக்குக் கீழே மற்றவர்களின் பிள்ளைகள் மூன்று.

"பிலோ, நீர் வேலை செய்யிறீரோ?"

"நானோ? என்ன ரீச்சர் பகிடியோ? நான் சும்மா வீட்டிலதானே இருக்கிறன். டேய், அந்த மாவில கை வையாத!"

புருஷன் அல்பிரட் சோபாவில், டிவியில் ஹொக்கி. நவம்பரில் டோர்வல் விமான நிலையத்தில் ஆள் குறைத்தபோது நிறுத்தியவர்கள் இன்னும் கூப்பிடவில்லை.

"தம்பி, நீர்?"

"ஓம் ரீச்சர், எயார்போட்டில. பாக் ஏத்திற வேலை." சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்துக் காட்டினான்.

பிலோ திரும்பிப் பார்த்தாள். "பாஸ் வேலைக்குப் போகுது ரீச்சர். இவர் வீட்டில நிக்கிறார்."

சிரித்து முடித்து மேலே வந்தேன். படி ஏறியது தெரியவில்லை.

பெப்ரவரி 12, புதன்

வெயில், ஆனால் குளிர். பே.யின் அறைக்குள் 203, 204 இரண்டையும், ஓரமெல்லாம் என் கேள்விகளை எழுதி, கொண்டு போனேன். நான் மூன்று வாரப் புது ஆள்.

"என்ன டீச்சர், பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி எல்லாத்துக்கும் மார்ஜின்ல எழுதியிருக்கீங்க?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "ரூல் வேற டீச்சர். போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது கூலிக்கோ விற்பனைக்கோ குடும்பத் தொழிலுக்கோ உழைச்சிருந்தா, அவங்க வேலையில இருக்காங்க. அப்படித்தான் கேட்டிருக்கணும். கேட்கப் போனவங்க சுருக்கிட்டாங்க."

"அப்ப திருத்துவமோ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் ஃபேக்ஸ்ல போகணும். முதல் இருநூறை வெச்சு சுருக்கம்கூட எழுதியாச்சு." ஒரு தாளைத் தள்ளினார்.

மூன்றாவது வரி: பெரும்பாலான தாய்மார் வேலை செய்யாததால், மிஞ்சியிருக்கும் ஒரு கார்டெரியையும் மூடினால் பாதிப்புக் குறைவு.

கார்டெரி. இங்கத்து ஃப்ரெஞ்சில் குழந்தைகள் காப்பகம். ஊர் நிர்வாகம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு எடுக்குமாம்.

ஐனுராவின் தங்கை மகள் அந்தக் கார்டெரியில்தான் இருக்கிறாள். தங்கைக்குப் பஸாரில் கடைத்தட்டு. இந்தச் சுருக்கத்தை ரஷ்ய மொழிக்கு மாற்றியது ஐனுராவேதான். மேசைக்கு வந்து, மெல்ல, "ஏன் நீ ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"உண்மை என்று நினைத்தேன். என் தங்கை வேலை செய்யவில்லையே."

சொல்லி முடித்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு நான் எழும்பித் திரும்பவும் பே.யிடம் போனேன்.

"நாலாம் பக்கத்தில போன கிழமை என்ன செய்தனீங்கள் எண்டு நாள் நாளாய் எழுதியிருக்கு. அதுக்கு ஒருத்தரும் எண் போடேல்லை. நாங்கள் போடுறம்."

"நானூத்துப் பன்னிரண்டா? ரெண்டு பேரா?"

"நாப்பது பரீட்சைத் தாளை ஒரு பின்னேரத்தில திருத்தினனான் சேர்."

"வியாழன் அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் முடியாது டீச்சர்."

வியாழன் அஞ்சு! இன்றே 120 முடித்தோம்.

பெப்ரவரி 13, வியாழன்

பனி கொட்டுகிறது. பஸ் இல்லை. மெட்ரோ வரை நடந்தேன். ஏழரைக்கு அறையில். எனக்கு முன்னால் ஐ., ஈரத் தொப்பியோடு.

முறை: அவள் நாலாம் பக்கத்தை வாசிப்பாள், நான் எண் போடுவேன். சந்தேகம் வந்தால் மஞ்சள் தாள்.

"எருமை... இல்லை, பசு. இரண்டு. பால் விற்பனை."
"1."
"மாமியாருக்கு உடம்பு முடியாது. ஏழு நாளும் பக்கத்தில்."
ஏழு நாளும் உழைப்புத்தான். ஆனால் ரூலில் இல்லை. மனம் கேட்கவில்லை, இருந்தும் 3. மஞ்சள் தாளில் பே.க்கு ஒரு வரி: இதையும் தனியாக எண்ண வேண்டாமா?
"ஃபெல்ட் கம்பளம் தைத்தாள். அக்காவின் கடைக்கு."
"1. 1. 1!"

ஐ. ஒவ்வொரு "1"க்கும் மேசையில் தட்டினாள். பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரில் தட்டினார்கள்.

படிவம் 318. ஆண், ஐம்பத்தேழு. ஏழு நாளும் ஒரே வரி: காலையில் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன், பூட்டியிருந்தது, திரும்பினேன். ஐ. 1 என்றாள். புத்தகம் அங்கேதானாம். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் 2. கூப்பிடுவார்கள் என்று தினமும் போய்ப் பார்க்கிறவர், வேலை தேடுகிறவர்தான். ஐ. 2 என்று தானே எழுதினாள், மெதுவாக.

சாப்பாடு: பிலோ தந்த இடியப்பம், ஐ. கொண்டு வந்த எண்ணெய் ரொட்டி. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டோம். நல்ல பொருத்தம்.

4.40. முடிந்தது. என் பழைய இருநூறில் 3 போட்ட பெண்களில் பாதிக்கு மேல் 1 ஆகிவிட்டார்கள்.

பெப்ரவரி 14, வெள்ளி

பே. புது அட்டவணையை நின்றபடியே வாசித்தார். இருக்கவில்லை. தேநீர் ஆறியது.

"டீச்சர், ஆம்பளைங்க எண்ணிக்கை இறங்கிடுச்சே."

"ஓம் சேர். பொம்பிளையள் ஏறிட்டினம்."

"நான் எழுதின அத்தியாயமே தலைகீழா நிக்குது!" கோபம் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கிறார். "இத வெச்சு இன்னொரு அத்தியாயம் எழுதலாம் டீச்சர்."

சுருக்கத்தின் மூன்றாவது வரியைப் பேனாவால் வெட்டினார். மேலே எழுதினார்: பெரும்பாலான தாய்மார் கூலிக்கோ விற்பனைக்கோ உழைக்கிறார்கள், கார்டெரி மூடப்பட்டால் அந்த உழைப்பு நின்றுவிடும். ஐ. அதை ரஷ்ய மொழிக்கு மாற்றினாள். இரண்டு முறை அழித்து எழுதினாள்.

11.50, ஃபேக்ஸ். தாள் உள்ளே போகும்வரை மூன்று பேரும் நின்று பார்த்தோம், விமானம் ஏற்றி அனுப்புகிறவர்கள் போல.

முடிவு என்னவென்று தெரிய ஏப்ரல் ஆகுமாம். மூடினாலும் மூடுவார்கள். ஆனால் தாய்மார் சும்மா இருக்கிறார்கள் என்று காரணம் எழுத முடியாது.

பெப்ரவரி 15, சனி

மைனஸ் 6. வசந்தம் மாதிரி.

காலையில் ஐனுராவின் தொலைபேசி. தங்கையோடு கதைத்தாளாம். நீ இப்போது வேலை செய்கிறவளாகிவிட்டாய், தாளில் போயிற்று என்று சொன்னாளாம். தங்கைக்குக் கோபம்.

"நானா? யார் சொன்னது? புத்தகம் லாச்சியில் கிடக்கிறது. சும்மா பஸாரில் நிற்கிறேன். வை தொலைபேசியை, நாளைக்குச் சரக்குக் கட்ட வேண்டும், விடிய நாலுக்கு எழும்ப வேண்டும்."

ஐ. சிரித்தாள், அழுதாள், திரும்பச் சிரித்தாள். நானும்.

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் ஒரு பயிற்சி: பக்கத்தில் இருப்பவரிடம், போன செவ்வாய்க்கிழமை எழும்பியது முதல் படுத்தது வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டு, மணிக்கு ஒரு வரியாக எழுதிப் பாருங்கள்.