நாலு மணிப் படம்

ஜூன் 4, புதன்

இன்றும் வால்தான். எந்தப் படத்திலும் மீன் இல்லை. அது போய்விட்டது, வால் மட்டும் அகப்பட்டிருக்கிறது. கரையில் ஜுவேனா பார்த்துவிட்டு, "மீனுக்கே உன் மூஞ்சி பிடிக்கலடி ரயா" என்றாள். சின்ன வயதிலிருந்து தோழி, அவள் சிரித்தால் கோபம் வராது. கேமராவைத் தந்த நீமா சொல்லிக்கொடுத்தது: பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்து, மீன் திரும்பிப் பார்க்கும்போது மீதியை அழுத்து. அதுவரை எனக்கு மூச்சு இருக்க வேண்டுமே!

ஜூன் 8, ஞாயிறு

கேமராவை மூடும் கூட்டில் ஒரு ரப்பர் வளையம். அதில் ஒற்றை முடி ஒட்டியிருந்தாலும் கடல் உள்ளே புகுந்துவிடுமாம். தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்குக் காது துடைப்பது போலத் துடைக்கிறேன். இவ்வளவு பாடும் மூடிவைத்த பவளத்திட்டுக்காக. ஆகஸ்ட்டில் திறக்கும் வரை அங்கே யாரும் எட்டுக்கைப் பேய்க்கணவாய் பிடிக்கக் கூடாது. உள்ளே அவை எப்படி வளர்கின்றன என்று ஊர்க் கமிட்டிக்குப் படம் வேண்டும். பெண்களில் ஒருத்தி எடுக்கட்டும் என்றபோது கையைத் தூக்கியவள் நான். யார் தூக்கச் சொன்னது?

ஜூன் 12, வியாழன்

பக்கத்துத் தீவில் ஒரு மையத்து. அடக்கத்துக்கு ஆண்களெல்லாம் விடிந்ததும் ஒரே பெரிய படகில் கிளம்பி, மதியம்தான் திரும்பினார்கள். நான் திட்டுக்குக் காலையிலும் நீந்திப் போனேன், மாலையிலும் போனேன். இரண்டு முறையும் கலங்கல். ஃபிளாஷ் போட்டால் தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் மாவு தூவியது போல் வெள்ளையாக விழுகிறது.

நடுவில் தம்பி ஷாமே வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஹிதாயாவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம், பால் சரியாக இறங்கவில்லை. பால் ஊறும் என்று ஷாமே பேய்க்கணவாய் சூப் வைத்திருந்தான், எலுமிச்சை பிழிந்து. எனக்கும் ஒரு கிண்ணம். எங்கே வாங்கினாய் என்றேன். வெளியூர்ப் படகில் என்றான். பிள்ளையின் பாதம் என் நடுவிரல் நீளம்தான் இருக்கும்.

ஜூன் 14, சனி

கமிட்டியில் நீமா என் படங்களை மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த மாவுத்தூசுக்குப் பின்னால், மேலே ஒரு தோணியின் அடிவயிறு. கீழே பவளத்தில் குத்தி நிற்கும் இரும்புக் கம்பி, பேய்க்கணவாயைப் பொந்திலிருந்து குத்தி இழுப்பது. யாரோ திருட்டுத்தனமாகப் பேய்க்கணவாய் பிடித்திருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் 4:10. அதாவது மாலை.

வியாழன் மாலை அந்தப் பக்கம் தோணி விட்டவன் கொம்போ ஒருவன்தான். ஜுவேனாவின் புருஷன். வலை எடுக்கத்தான் போனேன் என்று சத்தியம் செய்கிறான், யாரும் நம்பவில்லை. முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை. ஒரு வருஷம் கடலில் இறங்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. ஜுவேனா என்னைத் தாண்டிக் கொம்போவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 16, திங்கள்

இன்று காலையில் எடுத்த படங்களைப் புரட்டினேன். ஓரத்தில் 3:05. மூன்று மணி. சரிதானே, காலை மூன்று மணிக்குத்தானே எடுத்தேன் —

ஐயோ.

கைப்பேசி அப்போது ஒன்பது காட்டியிருக்கும். நாங்கள் விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறவர்கள். மெஷின் காட்டுவதை ஆறு தள்ளி மனசுக்குள் மாற்றிக்கொள்வது இங்கே எல்லாருக்கும் பழக்கம். கேமராவில் நேரம் வைக்கச் சொன்னபோது நான் வாயில் வந்த மணியை வைத்துத் தொலைத்திருக்கிறேன். கமிட்டியில் எல்லாரும் அதை மெஷின் மணி என்றே படித்தார்கள். தோணி விழுந்த அந்த 4:10 மாலைப் படமே இல்லை. மெஷின் கணக்கில் பத்தே பத்து, காலைப் படம்.

வியாழன் காலையில் கரையில் எல்லார் தோணியும் கிடந்தது. ஷாமேயின் தோணி மட்டும் இல்லை. பார்த்தேனே. மையத்துக்கு அதில் போயிருப்பான் என்று நினைத்தேனே. அப்புறம் அந்த சூப்... நானும்தானே குடித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஷாமே மறுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. பிள்ள பசியில கத்திக்கிட்டே இருந்துச்சு." என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா என்ன குடுப்ப? மீன் வால் படமா?" ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கொம்போவைப் பற்றிச் சொன்னேன். கொடியிலிருந்து பிள்ளைத்துணியை எடுத்து மடித்தான். பிறகு, "மணிய மட்டும் மாத்தி வச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

ஜூன் 18, புதன்

மாற்றி வைத்துவிடலாம் என்றுதான் மனசு சொல்கிறது. என் தம்பி. அவனை நான்தானே இடுப்பில் தூக்கி வளர்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தொழுகை முடிந்து கூட்டம். கொம்போவின் பக்கத்தில் ஜுவேனா நிற்பதைப் பார்த்ததும் எழுந்து சொல்லிவிட்டேன். மணிக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். தோணியைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஷாமே எழுந்து ஆமாம் என்றான். என் பக்கம் திரும்பவில்லை. தலைவர் மகாமே யோசித்துவிட்டுச் சொன்னார்: "திட்டு திறக்குற அன்னைக்கும் நீ கம்பி எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் உங்கக்காவுக்குத் தோணி தள்ளு. திருடுன எடத்த நீயே காவல் காத்துக்க."

வெளியே வந்ததும் ஜுவேனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹிதாயா வீட்டுக்குப் போனேன், என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். செய்தது சரிதான். சாத்திய கதவில் இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

ஷாமே தோணி தள்ளுகிறான். நான் ஏறும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறான்.

ஜூலை 3, வியாழன்

தெற்குப் பொந்தில் ஒரு பேய்க்கணவாய். பொந்தின் கூரையில் முட்டைகள் சரம் சரமாகத் தொங்க, அது அவற்றின் மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருந்தது. கிட்டே போனால் அலை என்னைத் தூக்கி வீசுகிறது. படமெல்லாம் கலைந்துபோனது. மேலே வந்து மூச்சு வாங்குவேன், மறுபடி இறங்குவேன். இன்று ஆகாது என்று நினைத்தபோது யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள்.

ஷாமே. ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் என் காலை அழுத்திப் பிடித்திருந்தான். நான் அசையவில்லை. பாதி அழுத்தினேன். அது கண்ணை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தது. மீதியை அழுத்தினேன்.

தோணியில் ஏறியதும் கேமராத் திரையில் படத்தை அவனிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தான். கரை தட்டியும் திருப்பித் தரவில்லை.

"இத ஹிதாயா பாக்கணும்" என்றான். "நீயே வந்து காட்டு."

ஈரத்துணியோடு போனேன். ஹிதாயா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.